பன்னிரண்டு போத்தல் முள்ளுப்பழ எண்ணெய்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாசலில் பனி அள்ளப்போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன். அப்போது செல்வி அழைத்தாள். மிசிசாகாவில் பழச்சாறும் சத்துக் குளிசையும் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் இருபத்திரண்டு வருடம் நின்ற மேசையில் இப்போது நிற்பவள் அவள்.

"அண்ணா, லாபை அடுத்த பில்டிங்குக்கு மாத்துறம். அலுமாரிக்குப் பின்னால ஒரு போத்தல் கிடக்கு. தமிழில ஸ்ரிக்கர் ஒட்டி, மேல உங்கட பேர் எழுதியிருக்கு. எறியட்டோ?"

"ஐயோ, எறியாத!"

"அப்ப என்னண்டு சொல்லுங்கோ. இஞ்ச எல்லாரும் கேக்கினம். ரஞ்சன் அண்ணையின்ர சாம்பலோ எண்டு ஒராள் கேட்டவர்."

"நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லு."

"சொன்னனான். அவர் பெரிசா நம்பேல்லை."

என் வயது ஐம்பத்தாறு. போன வருடம்தான் முன்கூட்டியே ஓய்வு எடுத்தேன். அதற்குள் சாம்பலாக்கிவிட்டார்கள். அந்தப் போத்தலின் கதையை எழுதியே தருகிறேன் என்று செல்விக்குச் சொன்னேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதற்குள் இருக்கும் எண்ணெயைத் தந்த பழத்துக்கு இப்போது திரும்பவும் யோகம் அடித்திருக்கிறது. வாட்ஸப்பில் தினம் ஒரு செய்தி வருகிறது: சர்க்கரையைக் குறைக்கும், மயிரை வளர்க்கும், மூட்டை முறுக்கும், மூளையைத் தீட்டும். மருமகளைத் திருத்தும் என்பது ஒன்றுதான் இன்னும் வரவில்லை.

பழத்தின் பெயர் சீ பக்தோர்ன். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஆட்களுக்கு நாக்குச் சுளுக்கிவிடும் என்பதால், தொழிற்சாலைத் தமிழர் எல்லோரும் முள்ளுப்பழம் என்றே சொன்னோம். செம்மஞ்சள் நிறம், கடலையளவு பருமன், கொப்பு முழுக்க முள். கையால் பறித்தால் கைதான் பழமாகும். ஆகவே கொப்போடு வெட்டி, உறையவைத்து, தட்டி உதிர்ப்பார்கள். கனடாவின் மேற்குச் சமவெளிகளில் காற்றைத் தடுக்க வேலியாக நட்ட மரம் அது. வேலியைத் தின்னலாம் என்று யாரோ கண்டுபிடித்ததில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

நான் ஊரில் படித்தது வர்த்தகம். கனடாவுக்கு வந்து பெட்டி மடித்தேன், மூடி திருகினேன், மாலை வகுப்பில் ஒரு சான்றிதழ் எடுத்தேன், கண்ணாடிக் குழாய்களை உடைத்தேன், பிறகு உடைக்காமல் இருக்கப் பழகினேன். ஆறு குளிர்காலம் இப்படிப் போனது. ஏழாவதில் ஆய்வுகூடத்துக்குள் எடுத்தார்கள். எடுத்தவர் தவமணி மிஸ்.

மிஸ் மட்டக்களப்பு ஆள். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதும் அவருக்குக் கீழே இருந்தது. சிவப்பு மையும் சத்தம் போடாத சப்பாத்தும்தான் அவருடைய அடையாளம். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். சாதாரணமாகக் கதைத்தால் நாங்கள் நல்லாய் இருக்கிறோம். மெதுவாகக் கதைத்தால் ஏதோ பிழை. காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் கேட்கவேண்டும் என்றால், வீட்டுக்குப் போய் வேறு வேலை தேடத் தொடங்கலாம். நாங்கள் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, வெள்ளை மேலங்கியின் நுனியால் துடைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்க எழுதி இரிக்கு?"

முள்ளுப்பழம் வந்தால் செய்யவேண்டியது இது. உறைந்த சாக்கிலிருந்து மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி. மேலாக மட்டும் அள்ளினால் மிஸ்ஸுக்கு எப்படியோ தெரிந்துவிடும். தட்டில் பரப்பி இலையையும் முள்ளையும் காம்பையும் தனித்தனியாகப் பொறுக்கி நிறுக்கவேண்டும். பிறகு நசித்து, வடித்து, ஒரு துளியை இனிப்பு அளக்கும் சிறு குழாயின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். பிறகு புளிப்பை அளக்கவேண்டும். சாறு ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றால் மேலே செம்மஞ்சள் ஆடை படியும். அதுதான் எண்ணெய். பழத்தின் சதையில் எண்ணெய் இருப்பது அபூர்வம். விதையிலும் எண்ணெய் உண்டு, ஆனால் அது வேறு சாதி. இரண்டையும் கலந்து எழுதினால் சிவப்பு மை.

கடைசியாக நாக்கு. ஒரு கரண்டி வாயில் விட்டு, எண்ணி, துப்பி, எழுதவேண்டும். முதல் நாள் நான் துப்பவில்லை, விழுங்கினேன். எலுமிச்சம்பழமும் பழப்புளியும் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்த மாதிரி இருந்தது. மணத்தைக் கேட்காதீர்கள். பழுத்த மாம்பழத்தை ஈரச் சப்பாத்துக்குள் வைத்து மறந்துபோன மணம். நான் குறிப்பேட்டில் "பயங்கரம்" என்று எழுதினேன். மிஸ் அதை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் திகதியும் ஒப்பமும் இட்டு, "புளிப்பு, இயல்பு" என்று எழுதினார்.

துப்பச் சொன்னதை நான் பிறகும் கேட்கவில்லை. மோசமான சாமானுக்கு ஒரு குணம், மூன்றாம் நாள் பிடித்துவிடும். காலைக் கோப்பிக்குப் பதிலாகவே குடிக்கத் தொடங்கினேன். இரண்டாம் மாதம் கை கழுவும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். மஞ்சள். உள்ளங்கால், அதுவும் மஞ்சள். செங்கமாரி! ஈரல் போய்விட்டது! கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மனதுக்குள்ளேயே வீட்டை மனைவி வசந்தியின் பெயருக்கு மாற்றினேன், காரை மைத்துனனுக்குக் கொடுத்தேன், இரண்டாம் கல்யாணம் மட்டும் அவள் செய்யக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். பிறகு மிஸ்ஸிடம் போய்க் கையை நீட்டினேன்.

மிஸ் கையைப் பார்க்கவில்லை. என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"முழிவெள்ளை வெள்ளையாத்தான் இரிக்கு. செங்கமாரி எண்டா முதல்ல அதுதான் மஞ்சளாகும். எவ்வளவு குடிக்கிறீங்க, தம்பி?"

"கொஞ்சம்தான் மிஸ்."

"கொஞ்சம் எண்டது என்ன அளவு?"

"ஒரு... ஜக்."

கரட் அளவுக்கு மிஞ்சித் தின்கிற குழந்தைகளுக்கும் இப்படி வருமாம். பழத்தின் நிறச்சத்து தோலுக்கடியில் படிவதுதான். நிறுத்தினால் போய்விடும். எதற்கும் வைத்தியரிடம் காட்டச் சொன்னார். வைத்தியரும் அதையே சொல்லிச் சிரித்தார். நாலைந்து கிழமையில் பழைய நிறத்துக்கு வந்தேன். ஆனால் அன்று மிஸ் சொன்ன ஒன்றைத்தான், செல்வி, நீ எழுதி வைக்கவேண்டும்:

"பழத்துல இரிக்கிறதச் சொல்லுங்க. அது செய்யும் எண்டு சொல்லாதீங்க. இரிக்கிறத நம்மளால அளக்க ஏலும்."

இருப்பது நிறைய. உயிர்ச்சத்து சீயில் தோடம்பழத்தை, அதாவது ஆரஞ்சை, தூக்கிச் சாப்பிடும். எவ்வளவு என்பது இனத்தையும் பறித்த காலத்தையும் பொறுத்தது. கொதிக்கவைத்தால் அதில் பெரும்பங்கு போய்விடும். உயிர்ச்சத்து ஈ உண்டு. கையை மஞ்சளாக்கிய நிறச்சத்து உண்டு. சதை எண்ணெயில் ஒமேகா ஏழு என்றொரு கொழுப்பமிலம் உண்டு, மற்றப் பழங்களில் அதைத் தேடிப்பிடிப்பது கடினம். செய்வது என்று கேட்டால், தோல் வறட்சிக்கும் கண் வறட்சிக்கும் சிலருக்கு உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில அவ்வளவாகச் சொல்லவில்லை. இதயத்தைப் பற்றி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதை ஒரு கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

எனக்கோ பக்கத்தில் ஆள் வேண்டும். அங்கேதான் பிழைத்தது.

எண்ணெயை மெல்லிய உறைக்குள் அடைத்துக் குளிசையாக விற்கத் தொடங்கிய வருடம், ஊழியர் கடையில் பன்னிரண்டு போத்தல் வாங்கினேன். வசந்தியின் தம்பி குகன் மிசிசாகாவில் வீடு குடிபுகுகிறான். வெறுங்கையோடு போக முடியுமா? ஆனால் வெறும் போத்தலைக் கொடுத்தால் ஒருவருக்கும் அதன் அருமை தெரியாது, லேபல் முழுக்க ஆங்கிலமும் பிரெஞ்சும். வீட்டுப் பிரின்ரரில் தமிழில் ஸ்ரிக்கர் அடித்தேன்:

கண்ணுக்கு ஒளி. தோலுக்கு மினுக்கம். இதயத்துக்கு இதம். மூட்டுக்கு மசகு. காலை ஒன்று, மாலை ஒன்று.

வசந்தி வாசித்தாள். "இதயத்துக்கு இதம் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எதுகை சொன்னது."

பன்னிரண்டிலும் ஒட்டினேன். வலது பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ கிடந்த இடம் ஸ்ரிக்கருக்கு அளவாக இருந்தது. அதன்மேலேயே ஒட்டினேன். எட்டைப் பொன்நிற நாடா கட்டிக் குகனுக்குக் கொடுத்தேன், நாலை வீட்டில் வைத்தேன். விழாவில் ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். "கொம்பனியில பெரிய ஆள்" என்று யாரோ என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. இப்போதும் அது இனிக்கத்தான் செய்கிறது.

மூன்று கிழமை கழித்து, திங்கட்கிழமை காலை, அதே குளிசையின் லேபல் திருத்தி வந்தது. லேபல் சரிபார்ப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. இரண்டு பேர் இருக்கவேண்டும். ஒருவர் ஒப்புதல் தாளை வைத்திருப்பார், மற்றவர் லேபலைச் சத்தமாக வாசிப்பார். காற்புள்ளி வந்தால் "காற்புள்ளி" என்று சொல்லவேண்டும். தாளில் இல்லாத சொல் போத்தலில் இருக்கக்கூடாது, தாளில் இருக்கிற சொல் போத்தலில் இல்லாமல் போகவும் கூடாது. மிஸ் தாள், நான் லேபல். முன்பக்கம் முடிந்தது. வலது பக்கத்துக்குத் திருப்பினேன். எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதை எடுக்கக்கூடாது. இந்த எண்ணெய் இரத்தம் உறைவதைத் தாமதமாக்கக்கூடும்.

"அறுவைச் சிகிச்சை" என்ற சொல்லில் என் குரல் நின்றுவிட்டது. வலது பக்கம். பொடி எழுத்து. ஸ்ரிக்கருக்கு அளவான இடம்.

"ஏன் நிண்டுட்டீங்க?"

"தொண்டை, மிஸ். தண்ணி குடிச்சிட்டு வாறன்."

கழிவறைக்கு ஓடினேன். என்னுடைய பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான். முதல் யோசனை: ஒருவருக்கும் சொல்லாமல் விடலாம். இரண்டாம் யோசனை: குகன் வீட்டில் எல்லோரும் சுகதேகிகள், ஒன்றும் நடக்காது. மூன்றாம் யோசனையில் ஒரு பெரிய மண்டபம் முழுக்கக் கட்டில்கள் வந்தன, எல்லாக் கட்டிலிலும் என் சொந்தக்காரர், எல்லோர் கையிலும் பொன்நிற நாடா. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப்போய், மிஸ்ஸுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். எதுகையைக்கூட விடவில்லை.

மிஸ் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"எத்தின?"

"பன்ரெண்டு."

"பன்ரெண்டும் எனக்கு வேணும்."

"மிஸ், அது கொம்பனி விட்ட பிழையில்லை. என்ர சொந்தச் சாமான்..."

"ஸ்ரிக்கர் ஆர் ஒட்டின?"

"நான்."

"அப்ப இண்டைக்கு நீங்கதான் கொம்பனி."

மேசை இழுப்பறையைத் திறந்து, பிழையான சாமானைச் சந்தையிலிருந்து திருப்பியெடுக்கும்போது நிரப்புகிற படிவத்தை எடுத்தார். வெளியே போனது எத்தனை, யாரிடம் போனது, அவரிடமிருந்து யாரிடம் போனது, கையில் வந்தது எத்தனை. தலைப்பில் "தயாரிப்பாளர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவியுயர்வு.

வீட்டிலிருந்த நாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தன. இரண்டு உடைக்கவில்லை. ஒன்றை நான் பாதி தின்றிருந்தேன். மற்றதை வசந்தி ஊசியால் குத்திப் பிழிந்து குதிக்கால் வெடிப்புக்குப் பூசிக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தான் நல்லாக் கேக்குது," என்றாள். பிறகு குகன்.

"குகன், அண்டைக்குத் தந்த குளிசைப் போத்தல் எட்டும் எங்க?"

"எல்லாம் முடிஞ்சுது அத்தான்! சோக்கான சாமான். பிள்ளையள் கேட்டுக் கேட்டுத் திண்டவை."

மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். "ஒரு போத்தல்ல அறுவது. எட்டுப் போத்தல் நானூத்தி எண்பது. வீட்டுல எத்தின பேர்?"

"நாலு."

"ஆளுக்கு ரெண்டு எண்டாலும் ரெண்டு மாசம் போகும். குடுத்து மூணு கிழமைதானே?"

ஒன்று குகன் பொய் சொல்கிறான். அல்லது என் மருமக்கள் இரண்டு பேரும் இந்நேரம் பூசணிக்காய் நிறத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

"வாய்ச்சொல்லை படிவத்துல எழுத ஏலாது," என்றார் மிஸ். "வெறும் போத்தலைக் காட்டச் சொல்லுங்க."

குகன் அன்று வீட்டிலிருந்து வேலை. கதவைத் திறந்ததும் நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"காட்டு கையை!"

"என்ன அத்தான், சாத்திரமோ?"

கை வழமையான மண்ணிறம், மஞ்சள் ஒரு பொட்டும் இல்லை. நான் நிலைப்படியில் குந்திவிட்டேன். "நீ ஒண்டும் திண்ணேல்லையடா! கடவுளே, நீ ஒண்டும் திண்ணேல்லை!" இதைச் சொல்லி நான் சிரித்த சிரிப்பில் அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொடுத்த பரிசைத் தின்று முடித்தோம் என்று சொல்வது மரியாதை. தின்னாமல் வைத்திருந்து வேறொருவருக்குக் கொடுப்பது சிக்கனம். இரண்டையும் ஒருமித்துச் செய்தால்தான் குடும்பம். ஆனால் குகனின் மனைவி இதை ஒரு விஞ்ஞானமாகவே செய்திருந்தாள். பேஸ்மென்றில் ஓர் அலுமாரி. அதற்குள் பரிசுப் பொருட்கள் நிரை நிரையாக. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துண்டு: யார் தந்தது, எந்த விழா, யாருக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. கதவின் உள்பக்கத்தில் ஒரு பட்டியல்: என்ன வெளியே போனது, யாருக்கு, எப்போது. எங்கள் தொழிற்சாலையில் ஆறு பேர் கணினியில் செய்கிற வேலையை அந்தப் பிள்ளை ஒரு பென்சிலால் செய்துகொண்டிருந்தாள்.

என் போத்தல்கள் ஏழு, நாடாவும் அவிழ்க்காமல். துண்டில் "ரஞ்சன் அத்தான். அவையின்ர பக்கம் போகக்கூடாது" என்று எழுதியிருந்தது. குகன் கூரையைப் பார்த்தான். நான் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். அவனையல்ல, அலுமாரிக் கதவை. எட்டாவது போத்தல் அந்தப் பட்டியலில் இருந்தது: பாலா அண்ணை, பிறந்தநாள்.

பாலா அண்ணை பிறம்ரனில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அழைத்தேன்.

"ஓமோம், ஒவ்வொரு நாளும் போடுறனான். கண் இப்ப பளிச்செண்டு தெரியுது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறன்."

"அப்ப வெறும் போத்தலை ஒருக்காக் காட்டுங்கோ அண்ணை."

"அது... ரீசைக்கிளில போட்டிட்டன்."

"அண்ணை, விசயம் கடுமை. ஒப்பரேசனுக்கு நாள் வைச்ச ஆக்கள் அதைத் திண்டால் இரத்தம் நிக்காமல் போகலாம். நான்தான் அந்த எச்சரிக்கையை மறைச்சு ஸ்ரிக்கர் ஒட்டினது."

பிறகு வந்த குரல் வேறு ஆளுடையது போல இருந்தது.

"ரஞ்சன்... நான் திண்ணேல்லை. அதை அன்னலட்சுமி அன்ரிக்குக் குடுத்திட்டன். நேற்றில்லை, அதுக்கு முதல் ஞாயிறு, அவவின்ர பிறந்தநாளுக்கு. அவவுக்கு வாற வியாழன் முழங்கால் ஒப்பரேசன்."

அன்னலட்சுமி அன்ரியை விழாக்களில் கண்டிருக்கிறேன். எழுபத்திரண்டு வயது, ரெக்ஸ்டேலில் உயர்மாடிக் குடியிருப்பு ஒன்றின் பதினோராவது தளத்தில் தனியாக இருப்பவர். முழங்கால் மாற்றுவதற்குப் பதினாலு மாதமாகப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். லிப்ற் வர மூன்று நிமிடம் எடுக்கும் போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, படியால் ஓடினேன். நாலாம் மாடியில் அது பெரிய பிழை என்று விளங்கியது. பதினோராம் மாடியில் கதவைத் தட்ட வலுவில்லாமல் அதில் சாய்ந்தேன். அன்ரி தடியோடு வந்து திறந்தார். நான் உள்ளே விழுந்தேன்.

"என்ன தம்பி, ஆரும் துரத்துகினமோ?"

"போத்தல்... அன்ரி... குளிசை..."

"ஓ, உங்கட குளிசையோ! இருங்கோ."

கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் மூச்சு வாங்கியபடியே தட்டில் கொட்டி எண்ணினேன். அறுபதில் நாற்பத்து நாலு மிச்சம். எட்டு நாள், நாளுக்கு இரண்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பன்னிரண்டு போத்தலில், நான் எழுதியபடியே ஒழுங்காக எடுத்த ஒரே மனிசி அவர்தான்.

"ஒண்டும் தப்பவிடேல்லை," என்றார் பெருமையாக. "மற்றப் போத்தல் எல்லாம் இங்கிலீசு. மகள் வந்து வாசிச்சுச் சொன்னால்தான் எனக்குத் தெரியும். இது நானே வாசிச்சனான். கனடாவுக்கு வந்து இவ்வளவு காலத்தில, ஒரு போத்தலை நானா எடுத்து நானா வாசிச்சது இதுதான் தம்பி."

நகத்தால் ஸ்ரிக்கரைச் சுரண்டி உரித்து, கீழே இருந்ததை அவருக்குத் தமிழில் வாசித்தேன்.

"உதை ஏன் நீர் எழுதேல்லை?"

'நீங்கள்' போய்விட்டது.

"இடம் காணேல்லை, அன்ரி."

"மூட்டுக்கு மசகு எண்டு எழுத இடம் இருந்ததோ?"

நான் உரித்த ஸ்ரிக்கரைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"எழுதத் தொடங்கினால் முழுக்க எழுதோணும். அரைவாசி எழுதுறது எழுதாததிலும் கேடு."

"ஆசுப்பத்திரியில என்னென்ன எடுக்கிறனீங்கள் எண்டு கேட்டிருப்பினமே, அன்ரி?"

"மருந்தெல்லோ கேட்டவை. இது பழம்."

ஆசுப்பத்திரி கொடுத்த தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம். நான் அவசரத்தில் எண்ணை மாற்றி அழுத்தியதால் இரண்டு முறை ஒரு பீற்சாக் கடைக்குப் போனது. மூன்றாம் முறை தாதி ஒருவர் எடுத்தார். குளிசையின் பெயர், அளவு, எத்தனை நாள் என்று எல்லாம் கேட்டு எழுதினார். ஒரு மணித்தியாலத்தில் திருப்பி அழைத்தார்கள். அன்ரி தொலைபேசியைக் காதில் வைத்து "ஓக்கே, ஓக்கே" என்றார். வைத்த பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"வியாழன் இல்லையாம். நாலு கிழமை தள்ளி."

"அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"உந்தப் பஸ்ஸில ஆரின்ரையும் கையைப் பிடிக்காமல் ஏறோணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். நாலு கிழமை ஏறாட்டி என்ன, பஸ் ஓடிப்போயிடுமே. வியாழன் நான் பேசாமல் போய்ப் படுத்திருந்தால்?" தடியை என் பக்கம் நீட்டினார். நான் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். தடி தோளைத் தொட்டது. "புது நாளுக்கு நீர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போறீர். இப்ப எழும்பித் தேத்தண்ணி வையும். எனக்குக் கால் ஏலாது, உமக்கு மூச்சு ஏலாது. மூச்சு கெதியாத் திரும்பும்."

அன்று மாலை பன்னிரண்டாவது போத்தலை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். வெளியே பன்னிரண்டு, உள்ளே பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார், அது என் கோப்பில் கடைசி நாள்வரை இருந்தது. உரித்த ஸ்ரிக்கரை வாங்கி, "இதயத்துக்கு இதம்" என்பதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, "எங்க எழுதி இரிக்கு?" என்றார். பிறகு அதை அன்ரியின் போத்தலிலேயே திரும்ப ஒட்டி, மூடியில் என் பெயரை எழுதி அலுமாரியில் வைத்தார். புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காம். ஆகவே செல்வி, அது சாம்பல் அல்ல. பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோ. யாராவது முள்ளுப்பழம் எதற்கு நல்லது என்று கேட்டால் இருப்பதைச் சொல்லு, எச்சரிக்கையையும் சொல்லு. இடம் காணாவிட்டால் பெரிய ஸ்ரிக்கராக அடி.

அன்ரியின் முழங்கால் இப்போது நன்றாக இருக்கிறது. போன கோடையில் பஸ்ஸில் என்னைக் கண்டு, எழும்பித் தன் இருக்கையைத் தந்தார். அதனால் அறுவைச் சிகிச்சை நாளைப் பற்றி இனிமேல் பயமில்லாமல் சொல்லலாம்.

அந்த நாள் விடிந்ததும் அன்ரியை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல்நாள் முழுக்க நான் ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன்: அவர் எடுக்கும் மருந்துகள், இஞ்சித் தேத்தண்ணி, இரசத்தில் மிளகு, சோற்றில் மஞ்சள், தலைக்கு எண்ணெய், நெற்றிக்குத் திருநீறு. ஒன்றும் மறைக்கக்கூடாது என்ற வெறி. தாதி வந்தார். இயற்கைச் சத்துக் குளிசை, மூலிகை ஏதும் எடுப்பதுண்டா என்று கேட்டார். நான் தாளை விரித்தேன். எது மருந்து, எது இரசம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

அன்ரி என் கையிலிருந்து தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நாலு விரலை நிமிர்த்தித் தாதியிடம் காட்டினார்.

"சீ பக்தோர்ன். ஸ்ரொப். ஃபோர் வீக்ஸ்."

ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். தாதி சிரித்தபடி எழுதிக்கொண்டார். பிறகு வியர்த்து வெளிறி நின்ற என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். சக்கர நாற்காலி ஒன்றை அவசரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்ரி ஏறுவதற்கு வசதியாக நான் ஒதுங்கி நின்றேன். தாதி அன்ரியைக் கடந்து வந்து, என் இரண்டு தோளையும் பிடித்து, அதில் என்னை உட்காரவைத்தார்.

"தண்ணி குடுங்கோ பிள்ளை," என்றார் அன்ரி தமிழிலேயே. தடியை என் மடியில் வைத்துவிட்டு, கதவுக்குள் தானே நடந்து போனார்.